கந்தகத்தின் கடைசிப் படி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் விவசாயம் பார்த்து வருகிறேன். என் மூத்த மகளை அவளுடைய தாய்மாமனுக்கே, அதாவது என் மனைவியின் தம்பிக்கே, கட்டிக்கொடுத்தோம். பேரன் பிறந்ததும் நன்றாக அழுதான். மறுநாள் இரவு வலிப்பு வெட்டு வந்தது. அதிலிருந்து பால் குடிக்கவில்லை. பிறந்த மருத்துவமனையில் ‘பிறப்பின்போது மூச்சுத்திணறல்’ என்று எழுதிக்கொடுத்தார்கள். பத்து மாதம் கழித்துக் கண் மருத்துவர் ஒருவர், கண்ணுக்குள் இருக்கும் வில்லை இடம் விலகியிருப்பதைப் பார்த்து மேற்கொண்டு சோதிக்க அனுப்பினார். மரபணுச் சோதனையில் ‘சல்பைட் ஆக்சிடேஸ் குறைபாடு’ என்று வந்திருக்கிறது. இது கந்தகம் தொடர்பான நோய் என்று சொன்ன நாளிலிருந்து, மாப்பிள்ளையின் தாயாரான என் மாமியார், என் மகள் கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனதால் கந்தகம் உடம்பில் ஏறிப் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று சொல்லி வருகிறார். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். அவர் சொல்வது உண்மையா? இளைய மகளை என் அக்காள் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். அந்தக் கல்யாணத்தை நடத்தலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தீப்பெட்டி ஆபீசுக்கும் உங்கள் பேரனின் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் மகள் தீக்குச்சி அடுக்காமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் இந்தக் குழந்தைக்கு இந்த நோய் வந்தே இருக்கும். இதை முதலில் மகளிடம் படித்துக் காட்டுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

கந்தகம் என்றதும் மஞ்சள் நிறத் தூளும் தீக்குச்சி நெடியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் ஒவ்வொருவரின் உடம்பிலும் கந்தகம் இருக்கிறது. அது இல்லாமல் தசையோ முடியோ நகமோ உருவாகாது. முட்டை, பால், மீன், பருப்பு ஆகிய எல்லாவற்றிலும் உள்ள புரதத்தில் மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் இரண்டு கந்தக அமினோ அமிலங்கள் இருக்கின்றன. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைப் படிப்படியாக உடைக்கும்போது, அவற்றிலிருந்த கந்தகத்தின் பெரும்பகுதி கடைசிக்கு முந்திய படியில் சல்பைட் என்னும் பொருளாகிறது. சல்பைட் நஞ்சு. கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் உயிரணுக்களில் உள்ள சல்பைட் ஆக்சிடேஸ் என்னும் நொதி அதை உடனுக்குடன் தீங்கற்ற சல்பேட்டாக மாற்றிவிடுகிறது. சல்பேட் சிறுநீரோடு வெளியேறிவிடும். பிசானத்து வயலில் மடை திறந்தே இருந்து வடிகால் மட்டும் அடைத்துக்கொண்டால் பயிர் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பேரனுக்கு அடைபட்டிருப்பது அந்த வடிகால். வெளியிலிருந்து எந்தக் கந்தகமும் வந்து சேரவில்லை. தாய்ப்பாலில் இருக்கும் நல்ல புரதமே அவன் உடம்பில் நஞ்சாகத் தேங்கியிருக்கிறது.

பிறந்ததும் நன்றாக அழுதான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியமான தகவல். வயிற்றில் இருக்கும் வரை குழந்தையின் சல்பைட் நஞ்சுக்கொடி வழியே தாயிடம் போய், தாயின் நொதியால் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிடுகிறது. பத்து மாதமும் அவனைக் காப்பாற்றி வைத்திருந்தது உங்கள் மகளின் உடம்புதான் என்பதையும் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். தொப்புள்கொடியை வெட்டிய பிறகே நஞ்சு ஏறத் தொடங்கும். ஓரிரு நாளில் அடங்காத வலிப்பும், பால் குடிக்க இயலாமையும், உடம்பு விறைப்பதும் துவள்வதும் தொடங்கும். மூளைப் படத்தில் தெரியும் சேதமும் பிறப்பு மூச்சுத்திணறலால் ஏற்படும் சேதத்தைப் போலவே இருப்பதால் பல குழந்தைகளுக்கு அந்தப் பெயரே எழுதப்பட்டு, விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது. மூச்சுத்திணறியதற்கான வேறு அடையாளம் எதுவும் இல்லாமல் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தால் அந்தப் பெயரைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை நான் மருத்துவ மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். இதில் மருத்துவர்களை ஏமாற்றும் இன்னொரு கண்ணியும் உண்டு: தேங்கிய சல்பைட் உடம்பிலுள்ள பி6 வைட்டமினின் வேலையையும் குலைப்பதால், சில குழந்தைகளுக்கு அந்த வைட்டமினைக் கொடுத்ததும் வலிப்பு சற்றுத் தணிந்து, நோய் வேறு ஏதோ என்று எண்ண வைத்துவிடும்.

கண் வில்லை விலகியதற்கும் காரணம் அதே சல்பைட்தான். வில்லையைச் சுற்றிலும் மெல்லிய நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த நார்களின் புரதத்தை இறுக்கமாக வைத்திருப்பவை கந்தகத்தோடு கந்தகம் கைகோத்த பிணைப்புகள். சல்பைட் அந்தப் பிணைப்புகளை அறுத்துவிடும். பத்தமடைப் பாயில் கோரை அப்படியே இருக்க, பாவு நூல் மட்டும் இற்றுப்போனால் பாய் கையோடு கலைந்து வருவது போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்த விலகல் பிறந்த உடனே தெரிவதில்லை, மாதங்கள் கழித்தே தெரியவரும். அதைக் கண்டதும் ‘கண் கோளாறு’ என்று நிறுத்திவிடாமல் மேலே அனுப்பிய அந்தக் கண் மருத்துவர் பாராட்டுக்குரியவர்.

இனி நோய் வந்த வழி. இந்த நொதியைச் செய்வதற்கான மரபணு 12ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எல்லாரிடமும் அதன் இரண்டு படிகள் (பிரதிகள்) உண்டு: ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒரு படி பழுதாக இருந்தாலும் மற்றொன்று போதுமானதால், அப்படிப்பட்டவர் ஆயுள் முழுவதும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்வார். அவருக்கே அது தெரியாது. தாய், தந்தை இருவரிடமும் ஒவ்வொரு பழுதுபட்ட படி இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பழுதுகளும் சேர்ந்துவிடும். உங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் மாமனும் மருமகளும் ஆவதால், முன்னோர் ஒருவரிடமிருந்த ஒரே பழுது இரு கிளை வழியாகவும் இறங்கி வந்து ஒரே குழந்தையிடம் சேர வழியிருக்கிறது. அதாவது உங்கள் மாமனார், மாமியார் இருவரில் ஒருவரிடமிருந்து அது மகன் வழியாகவும், மகள், பேத்தி வழியாகவும் வந்திருக்கக்கூடும். இதை நான் எழுதுவது பழியை உங்கள் மகளிடமிருந்து எடுத்து உங்கள் மாமியாரின் தலையில் போடுவதற்காக அல்ல. இப்படிப் பேசாமல் கிடக்கும் பழுதுபட்ட படிகள் சில என்னிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும். எவரும் அறிந்து கொடுப்பதில்லை.

இளைய மகளைப் பற்றிய கேள்விக்கு, ‘சொந்தத்தில் வேண்டாம்’ என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் உங்களுக்கு அது போதாது. முதலில் பேரனின் மரபணு அறிக்கையில் அவனுடைய இரண்டு படிகளிலும் உள்ள மாற்றம் ஒன்றேதானா, வெவ்வேறா என்று பாருங்கள். ஒன்றே என்றால், அது உங்கள் மனைவியின் பிறந்த வீட்டு வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வெவ்வேறு என்றால், மகளிடம் இருப்பது உங்கள் வழியில் வந்ததாகவும் இருக்கலாம்; அப்போது உங்கள் அக்காளிடமும் அக்காள் மகனிடமும் அதே மாற்றம் இருக்கக்கூடும் என்பதால் கவலைக்கு இடமுண்டு. எப்படியானாலும் இளைய மகளிடம் அந்தப் பழுதுபட்ட படி இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இன்ன மாற்றம் என்று தெரிந்துவிட்டதால் அதை மட்டும் தேடிப் பார்க்கும் இரத்தச் சோதனை எளிது. அவளிடம் இல்லையென்றால் இந்த நோயைப் பொறுத்தவரை கல்யாணத்துக்குத் தடையில்லை. இருந்தால் மாப்பிள்ளைப் பையனையும் சோதியுங்கள். நம் ஊர்களில் அக்காள் வீடும் மாமியார் வீடும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் கொண்டும் கொடுத்தும் இருந்திருக்கும். ஆகவே வம்சாவளியைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, மரபணு ஆலோசகரிடம் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

மூத்த மகள் மறுபடி கருவுற்றால், ஏறத்தாழ 11ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து, குழந்தைக்கு இந்த நோய் இருக்கிறதா என்று அறியலாம். அதற்கான ஏற்பாட்டைக் கருவுறும் முன்பே பேசி வைக்க வேண்டும். மூன்று மாதம் கழிந்த பின் ஓடுவதில் பயனில்லை.

பேரனைப் பொறுத்தவரை, பட்டுப்போன மூளைப் பகுதியை மீட்டுத் தரும் மருந்து இன்று இல்லை. வலிப்பைக் குறைப்பதும், புரையேறாமல் உணவு கொடுப்பதும், கைகால் இறுகாமல் பயிற்சி கொடுப்பதும், கண்ணைக் கவனிப்பதுமே செய்யக்கூடியவை. மெத்தியோனினும் சிஸ்டீனும் குறைந்த தனி உணவு, நோய் மென்மையாகவும் தாமதமாகவும் வரும் சில குழந்தைகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. பிறந்த உடனே கடுமையாக வந்தவர்களுக்கு அதன் பயன் குறைவு. நீங்களாகவே பால், பருப்பை நிறுத்திவிடாதீர்கள். பத்தியம் என்றால் எதையாவது நிறுத்துவதுதான் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது குழந்தையை மேலும் மெலியச் செய்துவிடும்.

கேள்வி: உயிர்வேதியியல் படிக்கும் மாணவி நான். சல்பைட் ஆக்சிடேஸ் மைட்டோகாண்ட்ரியாவில் எங்கே இருக்கிறது, மாலிப்டினம் என்னும் உலோகம் அதற்கு ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பாடநூலை விடச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு என்பதைப் படித்திருப்பீர்கள். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுக்கமான வெளியில்தான் இந்த நொதி இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு புரதச் சங்கிலிகள் இணைந்தது இது; ஒவ்வொரு சங்கிலியிலும் மாலிப்டினம் அமர்ந்த ஒரு மையமும், இரும்பைத் தாங்கிய ஹீம் மையம் ஒன்றும் உள்ளன. சல்பைட் மாலிப்டினத்தை அணுகி ஓர் ஆக்சிஜனைப் பெற்றுச் சல்பேட்டாகும்போது, இரண்டு எலக்ட்ரான்களை அங்கே விட்டுச் செல்கிறது. ஹீமோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும். ஆகவே மாலிப்டினம் இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. ஹீம் அவற்றைப் பக்கத்திலேயே உலவும் சைட்டோகுரோம் சி என்னும் சிறு புரதத்திடம் சேர்க்கிறது. இரண்டாக வாங்கி ஒன்றொன்றாகக் கொடுக்கத் தெரிந்த உலோகம் என்பதே மாலிப்டினத்தின் தகுதி. அந்த எலக்ட்ரான்கள் இறுதியில் ஆக்சிஜனைச் சென்றடைவதால், கழிவை அகற்றும் போக்கிலேயே உடம்புக்குச் சிறிது ஆற்றலும் கிடைக்கிறது.

இந்த நொதி இல்லாத முதல் குழந்தையைப் பற்றி மட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1967இல் எழுதினார்கள். கல்லீரலில் உள்ள இந்த நொதியில் மாலிப்டினம் இருந்து வேலை செய்கிறது என்பதை 1971இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் கே. வி. ராஜகோபாலன் குழுவினர் காட்டினார்கள். அடுத்து அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது: மாலிப்டினத்தைப் போலவே இருந்து அதன் வேலையைச் செய்யாத டங்ஸ்டனை எலிகளுக்குக் கொடுத்தார்கள். டங்ஸ்டன் மாலிப்டினத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, எலிகளின் சல்பைட் ஆக்சிடேஸ் வேலை நிறுத்திவிட்டது. மாலிப்டினம் தனியாக வந்து நொதியில் அமர்வதில்லை, மாலிப்டோப்டெரின் என்னும் கரிமச் சேர்மம் அதை ஏந்தி வந்து வைக்கிறது என்ற கண்டுபிடிப்பும் அந்த ஆய்வகத்துடையதே. கோழியின் கல்லீரலிலிருந்து எடுத்த நொதியின் முப்பரிமாண அமைப்பு 1997இல் வெளியானபோது, நோயாளிகளிடம் கண்ட சில மரபணு மாற்றங்கள் ஏன் நொதியை முடக்குகின்றன என்பது கண்ணால் காணக்கூடியதாயிற்று.

மாலிப்டினத்துக்காக நீங்கள் தனியாக எதுவும் சாப்பிட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 45 மைக்ரோகிராம். உளுந்தும் துவரையும் புழங்கும் வீட்டில் அது தானாகவே கிடைத்துவிடும். உணவில் அது குறைந்து நோய் வந்ததாக நன்கு அறியப்பட்ட நிகழ்வு 1981இல் வெளியான ஒன்றுதான். நெடுநாள் இரத்தக்குழாய் வழியாக மட்டுமே உணவு ஏற்றப்பட்ட அந்த நோயாளிக்கு, ஏற்றிய திரவத்தில் மாலிப்டினம் இல்லாததால் தலைவலியும் படபடப்பும் மாலைக்கண்ணும் வந்து, அதைச் சேர்த்ததும் நீங்கின.

கேள்வி: சல்பைட் இவ்வளவு பெரிய நஞ்சு என்றால், கிஸ்மிஸ் பழத்திலும் வெள்ளைச் சீனியிலும் அது இருக்கிறதாமே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? கருப்பட்டியிலும் சேர்க்கிறார்களா?
(ஆசிரியை, தென்காசி)

பதில்: பொன்னிறமாக இருக்கும் கிஸ்மிஸ், கந்தகப் புகை அல்லது சல்பைட் உப்பால் நிறம் காக்கப்பட்டதுதான். பொட்டலத்தில் 220 முதல் 228 வரையிலான எண்களில் ஏதேனும் ஒன்று அச்சிடப்பட்டிருந்தால் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு ஆலைகளில் கரும்புச் சாற்றைக் கந்தகப் புகையால் வெளுத்தே பெரும்பாலும் வெள்ளைச் சீனி செய்கிறார்கள். சிறிதளவு அதில் தங்கியிருக்கும். நொதி சரியாக இருக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு சுமையே அன்று. கணக்கைப் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு நாளில் உணவின் மூலம் பெறலாம் என்று உலகளாவிய நிபுணர் குழு வகுத்த உச்ச அளவு, கந்தக டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் 42 மில்லிகிராம். அதே மனிதரின் உடம்பு, சாம்பாரும் முட்டையும் செரித்ததிலிருந்து தானே உண்டாக்கி அகற்றும் சல்பைட் ஏறத்தாழ ஒரு கிராம் அளவைத் தொடும். கிஸ்மிஸை ஒதுக்கிவிட்டால் சங்கரன்கோவில் பக்கத்து அந்தக் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று எண்ண முடியாததற்கும் இதுவே காரணம்.

ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இந்தச் சல்பைட் மூச்சுக்குழாயைச் சுருக்கி இழுப்பை வரவழைக்கும். அது நொதிக் குறைபாடு அன்று, வேறு விஷயம். அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் இருந்தால் பொட்டலத்தைப் படித்துப் பார்த்துக் கொடுங்கள். ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

கருப்பட்டியின் நிறமே கறுப்பு என்பதால் அதை வெளுக்க வேண்டிய தேவை இல்லை. கரும்பு வெல்லத்தை மஞ்சளாக்க ‘ஹைட்ரோஸ்’ என்னும் கந்தக உப்பைப் போடும் வழக்கம் உண்டு; பளபளவென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தைத் தவிர்த்து மங்கிய நிறத்தை வாங்குவது நல்லது. கருப்பட்டியில் பயப்பட வேண்டியது வேறு, அதில் சீனியைக் காய்ச்சிச் சேர்ப்பது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: எனக்குச் சல்பா மாத்திரை ஒவ்வாது. சல்பைட்டும் ஒவ்வாதா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: பெயரில்தான் ஒற்றுமை. சல்பா மருந்துகளுக்கு ஒவ்வாமை வருவது அந்த மருந்து மூலக்கூறின் அமைப்பால். சல்பைட், சல்பேட், கந்தகம் எவற்றோடும் அதற்குச் சம்பந்தமில்லை. மருத்துவரிடம் ‘கந்தகம் ஆகாது’ என்று சொல்லாமல், எந்த மாத்திரையைச் சாப்பிட்டபோது என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். ஊரில் என் மனைவிக்குப் பிறந்து ஆறு நாளான குழந்தைக்கு வலிப்பு நிற்கவில்லை. முதல் குழந்தையும் இதேபோல் மூன்று மாதத்தில் தவறிப்போயிற்று. ‘சல்பைட் நோயாக இருக்கலாம், யூரிக் அமிலம் குறைவாக இருக்கிறது’ என்கிறார்கள். இதற்கு 2021இல் அமெரிக்காவில் ஒரு மருந்து வந்திருப்பதாக நண்பர் சொன்னார். எவ்வளவு செலவானாலும் இங்கிருந்து வாங்கி அனுப்பலாமா?
(வாசகர், கடையநல்லூர்)

பதில்: இதழ் வரும் வரை காத்திருக்க முடியாத கேள்வி என்பதால், பதிலின் சாரத்தை ஆசிரியர் குழு வழியாக உங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

யூரிக் அமிலம் குறைவு என்ற அந்தச் சொல் முக்கியமானது. முன்பு சொன்ன மாலிப்டோப்டெரின் ஏந்தி வரும் மாலிப்டினம், சல்பைட் ஆக்சிடேசுக்கு மட்டுமன்றி, யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதிக்கும் தேவை. ஏந்திச் செல்லும் பொருளையே உடம்பு செய்ய முடியாவிட்டால் இரண்டு நொதிகளும் சேர்ந்து நின்றுவிடும்: சல்பைட் ஏறும், யூரிக் அமிலம் இறங்கும். சல்பைட் ஆக்சிடேஸ் மட்டும் பழுதான குழந்தைக்கு யூரிக் அமிலம் சரியாகவே இருக்கும். நம் வண்ணார்பேட்டையிலோ கடையநல்லூரிலோ சாதாரண இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று சில மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடிய யூரிக் அமில அளவு, உலகில் அரிய இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டுகிறது. முதல் சில நாட்களில் அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றக்கூடும் என்பதால், சந்தேகம் இருந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

நண்பர் சொன்ன மருந்தின் பெயர் பாஸ்டெனோப்டெரின். மாலிப்டோப்டெரினை உடம்பு பல படிகளில் செய்கிறது. முதல் படி நடக்காதவர்களுக்கு ‘ஏ’ வகை என்று பெயர். அந்த முதல் படியில் உண்டாக வேண்டிய பொருளையே ஊசி வழியாகத் தினமும் கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சை. ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் குந்தர் ஷ்வார்ட்ஸ் என்னும் அறிவியலாளர் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து வைத்திருந்த அந்தப் பொருளை, 2008இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பிறந்த ஒரு குழந்தைக்கு முதன்முறையாகக் கொடுத்தார்கள்; நாட்கணக்கிலேயே நஞ்சின் அளவு இறங்கியது. அங்கிருந்து 2021 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

ஏந்திச் செல்லும் பொருளையே செய்ய முடியாத இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ‘ஏ’ வகையினர். மற்ற வகையினருக்கும், சல்பைட் ஆக்சிடேஸ் மட்டும் பழுதானவர்களுக்கும் இந்த மருந்து எந்தப் பயனும் தராது. அவர்களுக்கு அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. ஆகவே மருந்துக்கு முன்னால் வகை தெரிய வேண்டும். அதே சமயம், மூளை கெட்ட பிறகு கொடுத்தால் ‘ஏ’ வகைக்கும் பலன் குறைவு என்பதால் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும். குழந்தையை மரபணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே மாற்றச் சொல்லுங்கள். சிறுநீரைப் புதிதாகப் பிடித்த நிமிடங்களிலேயே சல்பைட் காகிதத்தால் சோதிக்க வேண்டும். வைத்திருந்தால் சல்பைட் தானாகவே சல்பேட்டாக மாறி, ‘நோய் இல்லை’ என்று பொய்யாகக் காட்டும். சல்பைட் தேங்கும்போது உண்டாகி, கலையாமல் நிற்கும் எஸ்-சல்போசிஸ்டீன் என்ற பொருளை அளக்க அதே சிறுநீரில் ஒரு பகுதியை உறைய வைத்து அனுப்ப வேண்டும். மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது, அவசரம் என்று தெளிவாக எழுதிக் கேட்டால் சில ஆய்வகங்கள் முன்னுரிமை கொடுக்கும். மருந்தைத் தருவிக்கும் விண்ணப்பத்தை அந்த மருத்துவமனையின் மருத்துவரே எழுத வேண்டும். நீங்கள் அங்கே கடையில் வாங்கி விமானத்தில் அனுப்பக்கூடிய பொருள் அல்ல அது. முதல் குழந்தையின் சிகிச்சைத் தாள்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் மனைவியிடம் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு எப்போதாவது யூரிக் அமிலம் பார்த்திருந்தால், அந்த ஒரு வரி இப்போது மிகவும் உதவும்.